பனியன் அம்பயர்

மைதானத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு ஒன்றுதான்.

"ஒரு டீமு பனியனைக் கழட்டு!"

வணக்கமும் விசிலும் அதற்குப் பிறகுதான். டாஸ் போடுவார். தோற்ற அணி பனியன்களைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே குவித்துவிட்டு வெற்றுடம்போடு ஆட வேண்டும். ஜெயித்த அணி போட்டுக்கொண்டே ஆடலாம். கள்ளக்குறிச்சியில் தொடங்கிக் கல்வராயன் மலை வரைக்கும் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும், அவர் அம்பயராக வந்தால் இதுதான் சட்டம். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒன்றுமே இல்லையே என்று படித்த பையன் யாராவது கேட்டால், "புத்தகமா வந்து விசில் ஊதப் போவுது?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அதனால் அவருக்குப் பனியன் அம்பயர் என்று பெயர் விழுந்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, போட்டி நோட்டீஸில் அதைத்தான் அச்சடிப்பார்கள். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒரு கரும்பு ஆலையின் எடை மேடையில் எழுத்தராக இருந்தார். குள்ளமான, இறுகிய உடம்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. அம்பயர் என்பதால் மைதானத்தில் அப்படி வருகிறார் என்று நினைத்தால், ஆலைக்கும் அதேதான், சந்தைக்கும் அதேதான், கல்யாண வீட்டுக்கும் அதேதான். கரும்புத் தூசிக்கு நடுவில் அவர் வெள்ளையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டிராக்டர்காரர்கள், "டாக்டரு, ஊசி போடுவீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய மனைவி மட்டும் சிரிக்க மாட்டார். துவைப்பது அவர்தானே.

இந்தப் பனியன் விஷயத்துக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். "பனியனைப் புடிச்சு இழுக்கறானுங்க. ஃபவுலு ஜாஸ்தியாப் போச்சு."

"அப்போ ரெண்டு டீமும் கழட்டலாமே சார்?"

"ரெண்டு பக்கமும் கழட்டிட்டா பாக்க அசிங்கமா இருக்கும்" என்பார்.

அது எப்படி ஒரு பக்கம் கழற்றினால் அழகு, இரண்டு பக்கமும் கழற்றினால் அசிங்கம் என்று யாருக்கும் புரிந்ததில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒரு தடவை பொங்கல் சமயம் வெள்ளிமலையில் போட்டி. மலையில் அப்போது விடிந்தும் பனி விலகாது. வெள்ளிமலைப் பையன்கள் டாஸில் தோற்றார்கள். சட்டம் சட்டம்தான் என்று அவர் நின்றுவிட்டார். பையன்கள் வெற்றுடம்போடு ரெய்டு போனபோது கபடி கபடி என்பது வாயில் நிற்காமல் "கப்பப்பப்படி, கப்பப்பப்படி" என்று வந்ததாம். ஒருவன் அவுட் ஆனதும் சந்தோஷமாக ஓடிப் போய் நெருப்பில் குளிர் காய்ந்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் அவரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கொடுத்தது கொடுத்ததுதான், அதில் கள்ளம் இருக்காது. போட்டி முடியும் வரைக்கும் அந்த ஊர்த் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார். சைக்கிளில் சொந்தமாக ஒரு பாட்டில் தொங்கும். ஒரு இறுதி ஆட்டத்தில் கடைசி ரெய்டு போன தன் கூடப் பிறந்த தம்பியையே, கால் விரல் எல்லைக் கோட்டைத் தொட்டது என்று அவுட் கொடுத்தார். யாருமே பார்க்கவில்லை, தம்பிக்கே தெரியவில்லை. அதன் பிறகு வெகுகாலம் தம்பி அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அவன் விரல் கோட்டுல இருந்துச்சு. நான் இன்னா பண்ண?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரை முதலில் சந்தையில்தான் தெரியும். என் அம்மா மற்ற நாள்களில் களை எடுக்கப் போவாள், சந்தை நாளில் தக்காளிக் கூடையோடு உட்காருவாள். அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் கூடையின் மேல் முந்தானையைப் போட்டு மூடுவாள். ஏனென்றால் அவர் தக்காளியைக் கண்ணால் பார்த்து எடுக்க மாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலால் அமுக்குவார். அமுங்கினால் பையில் போடுவார், அமுங்காவிட்டால் திரும்ப வைப்பார்.

"கைய எடு சாரே! அமுக்கி அமுக்கியே எல்லாத்தையும் பழுக்க வச்சிடுவ போலக்குது!"

"பழுத்ததான்னு பாக்க வாணாவா?"

"பாருன்னுதான் சொல்றன். கண்ணு இருக்குதில்ல? பாரு!"

அவர் இன்னும் ஒன்றை அமுக்குவார்.

நான் அப்போது வடக்கனந்தல் பெண்கள் அணியில் ரெய்டர். பெண்கள் அணி என்று ஒன்று உருவானதே பெரிய அதிசயம். நாங்கள் எல்லோரும் காலையில் கரும்புத் தோட்டத்திலோ நெல் வயலிலோ வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் ஆடுகிறவர்கள். பாவாடையைச் செருகிக்கொண்டு ஆடியதுதான் பழக்கம். அப்படி இருக்கையில் கச்சிராயபாளையத்தில் பெண்களுக்கென்றே ஒரு கபடிப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. நடத்தியவர் அந்த ஊர் உரக்கடைக்காரர். உற்சாகமான மனிதர். மைக் கையில் கிடைத்தால் விட மாட்டார். இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு அணிக்கும் புதுப் பனியனும் பேண்ட்டும் தன் செலவு என்று அறிவித்துவிட்டார்.

இறுதிக்கு நாங்களும் வெள்ளிமலைப் பெண்களும் வந்தோம். உரக்கடைக்காரர் மூட்டையைப் பிரித்தார். எங்களுக்குச் சிவப்புப் பனியன், மலைப் பெண்களுக்குப் பச்சை. முழங்கை வரை கை வைத்தது, நல்ல துணி. "கோமுகி டேம் மேல நின்னு பாத்தாக்கூடத் தெரியணும், எது எந்த டீமுன்னு! அதுக்குத்தான் செவப்பும் பச்சையும்" என்று மைக்கில் பெருமையாகச் சொன்னார். கலர் போட்டோ எடுக்க ஆள்கூட வந்திருந்தார். நாங்கள் பனியனைப் போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

அறுப்பு முடிந்த கரும்புத் தோட்டத்தைச் சமன் செய்து மணல் கொட்டி மைதானம் ஆக்கியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். மலையிலிருந்து லாரியில் ஆண்களும் பெண்களுமாக வந்திறங்கியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் என் அம்மாவும். பனியன் அம்பயர் சைக்கிளை நிறுத்தினார். வெள்ளை உடுப்போடு நடுக்கோட்டுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். அத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"ஒரு டீமு பனியனைக் கழட்…"

அதோடு நின்றது.

என் அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னாய்யா சொன்ன?"

"இல்லம்மா, வாய் தவறி…"

"தவறுமா வாயி? தக்காளிய அமுக்கற மாதிரி நெனச்சிக்கினியா? வயசுக்கு வந்த பொண்ணுங்கள நிக்க வச்சிக்கினு இன்னா பேச்சு பேசற?"

"பழக்க தோசம்மா. மன்னிச்சிக்கோ. ஒக்காரு."

கூட்டம் அடக்க முடியாமல் சிரித்தது. பெண்கள் சிரித்தார்கள், மலைக்காரப் பெரியவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். வெள்ளிமலை அணியின் கேப்டன் சின்னப்பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒருவர் முகத்தில்தான் சிரிப்பு இல்லை. வெட்கம் என்று நினைத்தேன். அது பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

உரக்கடைக்காரரிடம் போய் ஏதோ கேட்டார். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, ஒரு டீமு இடுப்புல துண்டு கட்டிக்கட்டுமே."

"எதுக்குண்ணே? புதுப் பனியன். போட்டோல விழ வாணாவா? துண்டு கட்னா நாத்து நட வந்தாப்புல இருக்கும்."

"அதுக்கில்ல…"

"ஆட்டத்த ஆரம்பிங்கண்ணே. வெயிலு எறங்குது."

ஆரம்பித்தார். அன்று அவர் ஆடிய ஆட்டம் எங்கள் ஆட்டத்தைவிடக் கடுமையானது. ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால் போகிறவளின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உம் பேரு இன்னா?" என்று கேட்டார். அவுட் ஆகி வெளியே போய் உயிர் வந்து திரும்பியவளிடமும் கேட்டார். "இப்பத்தான சார் சொன்னன்?" என்றாள் எங்கள் பெண் ஒருத்தி. எப்போதும் கோட்டை விட்டு நகராதவர், அன்று அங்கும் இங்கும் ஓடினார். பாயிண்டு கொடுக்கும்போது சிவப்பு என்றோ பச்சை என்றோ சொல்லவில்லை. "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார். முதல் பாதி எப்படியோ ஓடிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருந்தபோது நான் ரெய்டு போனேன். இரண்டு அணிக்கும் பாயிண்டு ஏறக்குறைய சமம். ஒருத்தியைத் தொட்டேன். திரும்புவதற்குள் சின்னப்பொண்ணு என் இடுப்பைப் பிடித்தாள். இன்னொருத்தி காலை. இன்னும் இருவர் மேலே விழுந்தார்கள். நான் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கித் தவழ்ந்தேன். குவியலாக விழுந்தோம். என் மூக்கிலும் வாயிலும் மணல். யார் கை, யார் கால் என்று எனக்கே தெரியவில்லை. கீழே எங்கோ என் கை என் வயிற்றுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. குவியலிலிருந்து ஒரே ஒரு கை மட்டும் நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது.

விசில் ஊதினார். எங்கள் பக்கம் கையை நீட்டினார். ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டாள், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட்.

எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். ஆனால் மற்ற பக்கத்தில் ஒரு உறுமல் எழுந்தது. கோட்டைத் தொட்டது பச்சைப் பனியன் போட்ட கை. கூட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறது.

"அது எங்க பொண்ணு கைய்யா!"

"எல்லார் கண்ணுக்கும் பச்சையாத் தெரிஞ்சுது, உன் கண்ணுக்கு மட்டும் செவப்பாத் தெரிஞ்சுதா?"

"மலைக்காரங்கன்னா எளக்காரம். கீழ இருக்கறவங்க எல்லாம் ஒண்ணு சேந்துக்கினு ஏமாத்தறாங்க!"

லாரியில் வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நம்ம அம்பயரையா சொல்கிறாய் என்று எங்கள் பக்கத்து ஆண்களும் எழுந்தார்கள். வரப்போரம் கிடந்த கரும்பு ஒன்றை ஒருவர் கையில் எடுப்பதைப் பார்த்தேன். உரக்கடைக்காரர் "அமைதி, அமைதி" என்று மைக்கில் கத்தக் கத்த இரைச்சல்தான் கூடியது.

சின்னப்பொண்ணு மணலைக்கூடத் தட்டாமல் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். பனியன் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எங்கூர்ல சொல்லுவாங்க. இது இன்னா கலரு? சொல்லுங்க."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவள் பச்சை அணிதான், பச்சை என்று சொல்லிவிடலாம். ஆனால் பச்சை என்று தெரிந்திருந்தால் எங்களுக்கு ஏன் கொடுத்தார் என்று கேள்வி வரும். திருடன் ஆவார். சிவப்பு என்றால் முட்டாள் ஆவார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சின்னப்பொண்ணுவின் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, உரக்கடைக்காரரிடம் போய் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் ஒக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

கூட்டம் உட்காரவில்லை. ஆனால் சத்தம் குறைந்தது.

"எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். சின்னப் புள்ளைல இருந்தே அப்படித்தான். ரெண்டும் காஞ்ச எல மாதிரி இருக்கும். இந்தப் பொண்ணு கேக்குது, எனக்குச் சொல்லத் தெரியல. நான் குடுத்தது தப்பு. மாத்திக் குடுக்கறன். வேற யாராவது அம்பயரா நிக்கறதுன்னா நின்னுக்குங்க. நான் போறன்."

மைக்கைக் கீழே வைத்தார். அப்போது மலைக்காரர்கள் நடுவிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார்! அதுக்குத்தான் எங்கள பனியனைக் கழட்ட வச்சீங்களா?"

"ஆமாம்பா."

"பொங்கல் பனியில சார்! ஜொரம் வந்து வாரம் பூரா படுத்துக் கெடந்தனே சார்!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஒரு பக்கத்தில் தொடங்கிய சிரிப்பு மைதானம் முழுக்கச் சுற்றி வந்தது. கரும்பை ஓங்கியிருந்தவர் அதை உடைத்துப் பக்கத்திலிருந்தவருக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் கடித்துத் தின்ன ஆரம்பித்தார். அம்பயர் முகம் மட்டும் அப்படியே இருந்தது. கிளம்பப் போகிறவர் போல ஷூவின் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் உரக்கடைக்காரரின் மச்சான், பஸ் கண்டக்டர், மேடைக்குப் பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மாமா, எனக்கும் அப்படித்தான்."

"உனக்கு இன்னாடா?"

"ரெண்டு டீமும் ஒரே பனியன் போட்டுக்கினு இருக்குதுன்னு நெனச்சன். நம்ம ஆளுங்களையே நம்ம ஆளுங்க எதுக்குப் புடிச்சு அமுக்கறாங்கன்னு அப்போல இருந்து யோசிச்சிக்கினே இருக்கறன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாரும் கை தட்டறாங்க. நானும் தட்டினன்."

அதன் பிறகு மலைக்காரப் பெரியவர் ஒருவர் தனக்கும் பழுத்த மிளகாய் செடியில் தெரியாது, மனைவிதான் பறிப்பாள் என்றார். இன்னொருவர் தன் அண்ணனுக்கு அப்படி என்றார். அம்பயர் குனிந்தவாக்கிலேயே தலையை மட்டும் தூக்கி ஒவ்வொருவரையும் பார்த்தார். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க போவ வாணாம் சார்" என்றாள் சின்னப்பொண்ணு. "வேற யாரு வந்தாலும் கூசாமப் பொய் சொல்லுவாங்க. உங்களுக்கு நாங்க எப்படித் தெரியணும்? அத்த சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். யோசித்தார்.

"வெள்ள எதாவது இருந்தா தெரியும்."

கோடு போடக் கோலமாவு ஒரு சட்டி நிறைய இருந்தது. சின்னப்பொண்ணு அதில் கையை விட்டு, வியர்வையில் நனைந்த தன் பனியனில் முன்னாலும் பின்னாலும் பட்டையாகப் பெருக்கல் குறி போட்டாள். மற்ற மலைப் பெண்களுக்கும் போட்டுவிட்டாள். அம்பயர் முகம் மலர்ந்தது. "இப்போ நல்லாத் தெரியுது" என்றார். புள்ளியைத் திருத்தி அவர்களுக்குக் கொடுத்து, ஆட்டத்தைத் தொடங்கினார்.

இரண்டு ரெய்டுதான். கபடி என்றால் கட்டிப் பிடிக்காமல் ஆட முடியுமா? பிடித்துப் புரண்டு எழுந்தபோது எங்கள் பனியனிலும் பாதி மாவு. நான் கண்ணைத் துடைத்துப் பார்த்தால் இரண்டு அணியும் மாவில் புரட்டி எடுத்த மாதிரி நிற்கிறது. அம்பயர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ம்ஹூம், இப்போ எல்லாரும் ஒரே டீமு" என்றார்.

கடைசியில் மலைக்காரர்களே தங்கள் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பெண்கள் அதைப் பூணூல் போலக் குறுக்காகப் போட்டு இறுக்கி முடிந்துகொண்டார்கள். போட்டோ கெட்டது என்று உரக்கடைக்காரர் முனகினார், யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிமலை ஜெயித்தது. லாரி ஏறும்போது துண்டைத் திருப்பிக் கொடுக்காத பெண்களோடு அப்பாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த சந்தையில் அம்பயர் வந்தார். அம்மா முந்தானையை எடுத்துக் கூடையை மூடவில்லை. அவரும் கட்டை விரலை நீட்டவில்லை.

"பழுத்ததா நாலு எடுத்துப் போடும்மா."

"இத்தச் சொல்றதுக்கு உனக்கு இத்தினி வருசமா?" என்றாள் அம்மா. பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். "ஏன் சாரே, வூட்லகூடவா சொல்லல?"

"அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாளு பச்சக் கலரு ரவிக்கயப் பாத்து மெரூன் நல்லா இருக்குதுன்னு சொன்னன். அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

சொல்லிவிட்ட பிறகு மனிதர் மாறிப்போனார். அதுவரை ஒளித்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார். அடுத்த போட்டி நடந்த ஊரில் பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் ஸ்கோர் எழுதியிருந்தார்களாம். "வெறும் பலகைய எதுக்குய்யா நிறுத்தி வச்சிருக்கற?" என்று கேட்டு, அழித்து வெள்ளையில் எழுத வைத்துவிட்டுத்தான் விசிலை எடுத்தாராம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவரிடம், பச்சைத் தாளில் இந்தச் சிவப்பு எழுத்தைப் படிக்க முடியவில்லை, மாப்பிள்ளை பெயர் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுச் சண்டை வந்துவிட்டது. உரக்கடைக்காரரின் மச்சானும் அவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் இருவரும் நின்று வருகிற போகிற பஸ்ஸெல்லாம் என்ன கலர் என்று பந்தயம் கட்டுவார்கள். யார் ஜெயித்தது என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும்.

மறு வருஷப் போட்டிக்கு நாங்களே பனியன் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். சின்னப்பொண்ணுவும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். இருவரும் அம்பயரைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களுக்குத் துணி காட்டுவார், நாங்கள் அதை அவருக்குக் காட்டுவோம்.

"சார், இது ரெண்டும்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணு ரோஸு சார், ஒண்ணு சாம்பல்!"

"இருக்கலாம். எனக்கு ஒண்ணுதான்."

"இது?"

"காக்கி."

"பச்ச சார்."

"போலீஸ்காரன் போடறது எது அப்போ?"

கடைக்காரர் பாதியில் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். "யாருக்கும்மா துணி? உங்களுக்கா, சாருக்கா?"

"போட்டுக்கறது நாங்க. பாக்கறது இவுரு" என்றாள் சின்னப்பொண்ணு.

கடையின் பாதித் துணி கீழே இறங்கிய பிறகு, அழுத்தமான நீலத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளை வைத்தபோது அவர் சட்டென்று, "இதோ! இது வேற, அது வேற!" என்று சத்தமாகச் சொன்னார். அந்தக் குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. இரண்டு துணியையும் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார், உள்ளே இருட்டில் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பொழுது போனாலும் தெரியும். ஒண்ணு கறுப்பா ஒண்ணு வெளுப்பாத் தெரியும்" என்றார். அதோடு விட்டாரா? மணல் ஒட்டினால், வியர்வையில் நனைந்தால் என்று யோசித்து, மஞ்சள் பனியனில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, இரண்டு கையிலும் ஒவ்வொன்று என்று அகலமாகக் கறுப்புப் பட்டை வைக்கச் சொன்னார். கலரே போனாலும் பட்டை இருக்கும் என்பது அவர் கணக்கு. மஞ்சளை நாங்கள் எடுத்துக்கொண்டோம், நீலத்தை மலைப் பெண்கள். எங்கள் அணியில் தையல் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் வெட்ட, மற்றவர்கள் பட்டையைக் கையால் ஓட்டித் தைத்தோம். ஊசி குத்தாத விரல் யாருக்கும் இல்லை.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் மலையில், வெள்ளிமலையிலேயே. எதிரெதிரே அதே இரண்டு அணிகள். பனியன் அம்பயர் நடுக்கோட்டுக்கு வந்து ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், யாரையும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. விசில் ஊதினார். அன்று அவர் வாய் ஓயவில்லை. "மஞ்சள் ஒரு பாயிண்டு! நீலம் அவுட்டு! மஞ்சள் ரெய்டு!" என்று தேவைக்கும் தேவையில்லாததற்கும் கலரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "சரிண்ணே, தெரியுது, போதும்" என்று ஸ்கோர் எழுதுகிறவர் கும்பிட்டார்.

ஆட்டம் முடியும் நேரம். நாங்கள் ஒரு பாயிண்டு முன்னால். சின்னப்பொண்ணு கடைசி ரெய்டு வந்தாள். தொட்டுவிட்டுத் திரும்பியவளை நான் பாய்ந்து பிடித்தேன். இருவரும் புழுதி கிளம்ப விழுந்தோம். அவள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடந்தாள், மூச்சு விட்டுவிட்டாள். பிடித்துவிட்டேன், ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் பெண்கள் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள். என் அம்மா கூட்டத்திலிருந்து விசில் அடித்தாள்.

அம்பயர் கையைத் தூக்கினார். மலைப் பக்கம் நீட்டினார்.

"மஞ்சள் கை கோட்டுக்கு அந்தாண்ட தரையத் தொட்டுச்சு. அவ மூச்சு வுடறதுக்கு முன்னாடியே. புடிக்கறவ கை கோட்டத் தாண்டுனா புடி செல்லாது. அவ தொட்டவளும் புடிச்சவளும், ரெண்டு மஞ்சளும் அவுட்டு. நீலம் ஜெயிச்சுது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கை தொட்டது எனக்கே தெரியாது. மலைக்காரர்கள்கூடப் பார்த்திருக்கவில்லை. அவர்களே அவள் அவுட் என்றுதான் நினைத்துத் துண்டை உதறி எழுந்துகொண்டிருந்தார்கள்.

"நான் தொடல சார்!"

"தொட்ட."

"அந்தப் புழுதியில உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கைக்குப் பக்கத்தில், நான் தைத்த கறுப்புப் பட்டையின் மேல் கோடு போட்ட வெள்ளை மாவு ஈரத்தோடு அப்பிக் கிடந்தது.

"சார், ஊசி குத்தக் குத்த நாங்க தச்ச பனியன். இத வச்சே எங்கள தோக்கடிச்சிட்டீங்களே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைதானத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லாத் தெரியற மாதிரி தச்சுக் குடுத்துட்ட. நான் இன்னாம்மா பண்ண?" என்றார். ஆட்டம் முடிந்தது என்பதற்கு நீளமாக விசில் ஊதினார்.